லண்டன் லெவன் பிளஸ்: எந்தத் தனியார் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடுவது?

பிள்ளை இயர் 4-இலோ இயர் 5-இலோ இருக்கும்போது இதைப் படிக்கிறீர்கள் என்றால் நேரம் தாராளமாக இருக்கிறது. இயர் 6 தொடங்கிவிட்டது என்றால் நேராக 8-ஆவது பகுதிக்குப் போய்த் தேதிகளைப் பார்த்துவிட்டு, பிறகு மேலே வாருங்கள்.

இந்தக் கட்டுரை லண்டனிலும் அதைச் சுற்றியும் புதிதாகக் குடியேறிய, செப்டம்பரில் இயர் 7 சேர்க்கைக்குத் தனியார் பள்ளி தேடும் குடும்பங்களுக்கானது. இயர் 7 என்பது 11 வயதில் தொடங்கும் மேல்நிலைப் படிப்பின் முதல் வகுப்பு, அதற்கான நுழைவுத் தேர்வுதான் 'லெவன் பிளஸ்'. ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இங்கே 'இன்டிபென்டன்ட் ஸ்கூல்' என்பதுதான் கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி. அவற்றில் பழம்பெருமை உள்ள சிலவற்றை 'பப்ளிக் ஸ்கூல்' என்பார்கள். பெயரைப் பார்த்து அரசுப் பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். 'கிராமர் ஸ்கூல்' என்பது நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது.

1. பிள்ளை எந்த இயர் என்று உறுதி செய்யுங்கள்

ஊரிலிருந்து வந்தவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. இங்கிலாந்தில் வகுப்பை முடிவு செய்வது வயது மட்டுமே. ஊரில் எந்த வகுப்பு முடித்தார்கள் என்பதை யாரும் பார்ப்பதில்லை. கல்வியாண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை.

2016 ஆகஸ்ட் 20 அன்று பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 2026 செப்டம்பரில் இயர் 6, 2027 செப்டம்பரில் இயர் 7. அப்படியென்றால் பரீட்சை 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் இடையில் வந்துவிடும். பல பள்ளிகளில் பதிவு 2026 அக்டோபர், நவம்பரிலேயே மூடிவிடும். பன்னிரண்டு நாள் தள்ளி, செப்டம்பர் 1 அன்று பிறந்திருந்தால் எல்லாமே ஒரு வருடம் தள்ளிப்போகும். "அஞ்சாவது முடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்கள் இந்தக் கணக்கில்தான் ஒரு சுற்றையே தவறவிடுகிறார்கள்.

சில பள்ளிகள், குறிப்பாகப் பெரிய விடுதிப் பள்ளிகள், இயர் 9-இல்தான் சேர்க்கும். அதற்கு 'தர்ட்டீன் பிளஸ்' என்று பெயர். பெயரை நம்பி இயர் 8 வரை காத்திருக்கக் கூடாது. ஈட்டனில் சேர, பிள்ளை இயர் 5-இல் இருக்கும்போதே ஜூன் 30-க்குள் பதிய வேண்டும். முதல் கட்டத் தேர்வு இயர் 6-இல்.

இயர் 8, இயர் 10-க்கு வந்து சேர்பவர்கள் பள்ளி ரெஜிஸ்ட்ராரை (சேர்க்கை அலுவலர்) நேரடியாக அழைத்து, இடையில் காலியான இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். விளம்பரம் வராது. இயர் 11-இல் பள்ளி மாற்றுவது ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) படிப்பை நடுவில் உடைக்கும், அதைத் தவிர்க்கவே பாருங்கள்.

2. ஏழு வருடக் கணக்கைப் போடுங்கள்

பள்ளிப் பட்டியலைத் திறக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். லண்டனில் போட்டி உள்ள பகல்நேரப் பள்ளிகளில் ஒரு டெர்முக்கு (பள்ளிப் பருவம்) 8,000 பவுண்டிலிருந்து 11,000 பவுண்டுக்கு மேல் வரை ஆகிறது. வருடத்துக்கு மூன்று டெர்ம். 2025 ஜனவரி 1 முதல் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு வாட் வரி உண்டு. பள்ளியின் இணையதளத்தில் போட்டிருக்கும் தொகை வரியோடு சேர்த்ததா, சேர்க்காததா என்று பாருங்கள். இரண்டு விதமாகவும் போடுகிறார்கள்.

வரியோடு டெர்முக்கு 9,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 27,000. இயர் 7 முதல் இயர் 13 வரை ஏழு வருடம், கட்டணம் ஏறவே இல்லை என்றாலும் 1,89,000 பவுண்ட். வருடத்துக்கு 5 விழுக்காடு ஏறினால் சுமார் 2,20,000. இது வருமான வரி கட்டிய பிறகு கையில் நிற்கும் பணத்திலிருந்து போக வேண்டும். 40 விழுக்காடு வரி வரம்பில் இருப்பவர், நேஷனல் இன்சூரன்ஸும் போக 27,000 கையில் நிற்க வேண்டுமானால், சுமார் 46,500 பவுண்ட் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். இரண்டாவது பிள்ளை இருந்தால் இரண்டு வரிசையாக எழுதுங்கள். உடன்பிறந்தோர் தள்ளுபடி சில பள்ளிகளில்தான் உண்டு, அதுவும் சிறியது.

இதற்கு மேல் மதியச் சாப்பாடு (சில பள்ளிகளில் கட்டணத்திலேயே அடங்கும்), கோச் பஸ், சீருடை, டேப்லெட், இசை வகுப்பு, வெளிநாட்டுப் பயணம், பொதுத் தேர்வுக் கட்டணம். கோச் பஸ் மட்டுமே டெர்முக்குப் பல நூறு பவுண்ட் பிடிக்கும்.

இந்தக் கணக்கு இடித்தால், அதற்கான வழி 9-ஆவது பகுதியில் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் எப்படியாவது கட்டிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். இயர் 9 முடிந்து இயர் 10-இல் பள்ளி மாற்ற நேர்ந்தால் அடிபடுவது பிள்ளைதான்.

3. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்

வரைபடத்தில் 40 நிமிடம் என்று காட்டுவதை நம்பிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டெர்ம் நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ, வீட்டிலிருந்து 7 மணிக்குக் கிளம்பி, பிள்ளை போகப்போகிற அதே பஸ், அதே ரயிலில் பள்ளி வாசல் வரை போய்ப் பாருங்கள். மாற வேண்டிய இடத்தில் ஒரு வண்டி தவறினால் அடுத்தது எத்தனை நிமிடத்தில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்பதே மேல் எல்லை. அதற்கு மேல் போனால் வீட்டுப்பாடமோ விளையாட்டோ தூக்கமோ, ஏதாவது ஒன்று கட்டாயம் குறையும்.

கோச் பஸ் இருக்கிறது என்றால் இரண்டு கேள்வி. நம் நிறுத்தத்துக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரும்? பள்ளி முடிந்து கிளப்புக்கு நின்றவர்களை ஏற்றிக்கொள்ள இரண்டாவது கோச் உண்டா? இல்லை என்றால் நாடகம், ராக்கெட்ரி, கிரிக்கெட் என்று பள்ளி காட்டும் எதற்கும் உங்கள் பிள்ளை நிற்க முடியாது. 11 முதல் 15 வயதுக்காரர்களுக்கான ஸிப் ஆய்ஸ்டர் கார்டு இருந்தால் லண்டன் பஸ்ஸும் டிராமும் இலவசம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

4. பிள்ளையின் நிலையை எண்ணில் தெரிந்துகொள்ளுங்கள்

"கணக்கில் நல்லா பண்றா" என்பது பட்டியல் போட உதவாது. தேவைப்படுவது வயதுக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட மதிப்பெண். இதில் 100 என்பது சராசரி. 115 என்றால் மேல் 16 விழுக்காட்டில் ஒருவர். 120 என்றால் ஏறத்தாழ மேல் 9 விழுக்காடு. 130 என்றால் மேல் 2 விழுக்காடு. பிள்ளை படிக்கும் பள்ளியில் கேட் 4 போன்ற சிந்தனைத் திறன் தேர்வு வைத்திருந்தால் இந்த எண் அவர்களிடம் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அரசு ஆரம்பப் பள்ளியில் இது இல்லாமல் இருக்கலாம். அப்போது பல பிள்ளைகள் சேர்ந்து எழுதும் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) ஒன்றை எழுத வைத்து, மொத்த மதிப்பெண்ணைவிடத் தரவரிசையைப் பாருங்கள்.

ஒரே எண்ணில் நிற்காதீர்கள். கணக்கில் 128, வார்த்தைத் திறனில் 106 என்று வந்தால் சராசரி 117 என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. ஊரிலிருந்து இரண்டு வருடம் முன்பு வந்த பிள்ளைகளிடம் இந்த இடைவெளி அடிக்கடி தெரியும். கூட்டல், பெருக்கலில் வேகம் இருக்கும். ஆனால் 'வெர்பல் ரீசனிங்' (சொற்களை வைத்துச் சிந்திக்கும் திறன்) தாளில் ஒரு சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் தடுமாறுவார்கள். திறமைக் குறைவு அதற்குக் காரணமில்லை, அந்தச் சொற்களை இன்னும் படித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இதை ரெஜிஸ்ட்ராரிடம் பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள், எப்போது இங்கே வந்தார்கள் என்பதைக் கருத்தில் எடுக்கும் பள்ளிகள் உண்டு.

5. எந்தப் பள்ளி, எந்தப் பரீட்சை

பட்டியல் சுருங்குவது இங்கேதான். மூன்று வகை இருக்கிறது.

ஐஎஸ்இபி (தனியார் பள்ளிகளின் தேர்வு வாரியம்) பொது முன்தேர்வு: கணினியில் எழுதுவது. ஆங்கிலம், கணக்கு, வெர்பல், நான்-வெர்பல் (படம், வடிவம் வைத்த) ரீசனிங். எல்லாம் சேர்த்து சுமார் இரண்டே கால் மணி நேரம். பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வி கடினமாகும் அல்லது எளிதாகும். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. தாளில் "இதை விட்டுட்டு அப்புறம் வரேன்" என்று பழகிய பிள்ளைக்கு இது முதலில் திகைப்பாக இருக்கும். ஒரு கல்வியாண்டில் ஒரே முறைதான் எழுத முடியும், அந்த ஒரே முடிவு நீங்கள் பதிந்த எல்லாப் பள்ளிக்கும் போகும். பள்ளியில் பதிவது வேறு, ஐஎஸ்இபி தளத்தில் பதிவது வேறு. இரண்டும் செய்ய வேண்டும்.

லண்டன் லெவன் பிளஸ் கன்சார்டியம்: பெண்கள் பள்ளிகள் சேர்ந்து நடத்துவது. கொடோல்ஃபின் அண்ட் லாட்டிமர், சவுத் ஹாம்ஸ்டெட், சானிங், நாட்டிங் ஹில் அண்ட் ஈலிங் போன்றவை இதில் உண்டு. 100 நிமிடப் பரீட்சையை ஒரு முறை எழுதினால் போதும். ஆனால் பதிவுக் கட்டணம் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி.

மூன்றாவது, பள்ளியே தயாரிக்கும் தாள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வைப்பார்கள், கணக்கில் செய்முறைக்கு மதிப்பெண் தருவார்கள். நாலு விடையில் ஒன்றை டிக் செய்து மட்டும் பழகிய பிள்ளை இதில் எதிர்பாராமல் சறுக்கும்.

ஐந்து பள்ளிக்கு ஐந்து விதமான பரீட்சை என்றால் பத்து வயதுப் பிள்ளை தாங்காது. இரண்டு வகைக்குள் அடங்கும்படி பட்டியலை அமையுங்கள். கிராமர் ஸ்கூலும் முயல்கிறீர்கள் என்றால் அதன் பரீட்சை பெரும்பாலும் இயர் 6-இன் முதல் மாதமான செப்டம்பரிலேயே வந்துவிடும். பதிவு அதற்கு முன் கோடையிலேயே முடியும். அதையும் ஒரு வகையாக எண்ணுங்கள்.

6. நாலு முதல் ஆறு வரை, அதற்கு மேல் வேண்டாம்

பதிவுக் கட்டணம் பள்ளிக்கு 100 முதல் 250 பவுண்ட் வரை, திரும்பக் கிடைக்காது. ஐந்து பள்ளி என்றாலே ஆயிரம் பவுண்டை நெருங்கிவிடும். அதைவிடப் பெரிய செலவு பிள்ளையின் சனிக்கிழமைகள். பத்துப் பள்ளி போட்டவர்களின் பிள்ளை ஜனவரி இன்டர்வியூக்களில் களைத்துப்போய், எல்லா இடத்திலும் ஒரே பதிலை ஒப்பித்துவிட்டு வருகிறது.

இப்படிப் பிரியுங்கள்: எட்டிப் பிடிக்க வேண்டியவை இரண்டு, பிள்ளையின் நிலைக்குப் பொருந்துபவை இரண்டு, கிட்டத்தட்ட உறுதி என்று சொல்லக்கூடியது ஒன்று. அந்தக் கடைசிப் பள்ளியைத்தான் அதிகம் யோசித்து எடுக்க வேண்டும். அது மட்டுமே கிடைத்தால் மனநிறைவோடு அனுப்புவீர்களா? தயக்கம் இருந்தால் அது பட்டியலில் இருக்கக் கூடாது. அதற்குப் பதில் அருகிலுள்ள அரசுப் பள்ளியே மேல்.

"ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் போட்டி" என்று கேட்டு அஞ்ச வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அந்தப் பத்துப் பேரும் இன்னும் நாலைந்து பள்ளிக்குப் போட்டவர்கள். உதாரணத்துக்கு 120 இடம் உள்ள ஒரு பள்ளி, பலர் வேறெங்கோ போய்விடுவார்கள் என்று தெரிந்து 250 பேருக்கு ஆஃபர் கொடுக்கலாம். போட்டி விகிதத்தைவிடப் பயனுள்ள கேள்வி இது: "இயர் 7-இல் மொத்தம் எத்தனை இடம், அதில் உங்கள் ஜூனியர் பள்ளியிலிருந்து மேலே வருபவர்கள் எத்தனை?" 120-இல் 60 அப்படிப் போய்விட்டால் வெளியிலிருந்து வருபவர்களுக்கு மீதி 60 தான்.

7. ஓப்பன் டேயில் எதைப் பார்ப்பது

முன்பதிவு கட்டாயம், சீக்கிரம் நிரம்பும். இயர் 5-இன் வசந்தம், கோடையிலேயே போய்வருவது நல்லது. தலைமையாசிரியர் உரை எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சுற்றிக்காட்டும் மாணவரிடம் பேசுங்கள். "நேத்து சாயங்காலம் வீட்டுப்பாடம் எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இயர் 8 பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு "ரெண்டு மணி நேரம், ஆனா நேத்து லத்தீன் இருந்தது" என்றால் அது அந்தப் பள்ளியின் எந்தக் கையேட்டிலும் கிடைக்காத தகவல். வகுப்புச் சுவர்களில் ஒட்டியிருக்கும் வேலைகளில் சுமாரானவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்தும் சிறந்தவை என்றால் தேர்ந்தெடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை: "ஜிசிஎஸ்இ முடிந்து சிக்ஸ்த் ஃபார்முக்கு (இயர் 12, 13) போக உங்கள் சொந்த மாணவர்களுக்கு எந்த கிரேடு வேண்டும்? போன வருடம் எத்தனை பேர் வெளியே போனார்கள்?" ஏ-லெவல் (இயர் 13 பொதுத் தேர்வு) தரவரிசைப் பட்டியலில் மேலே நிற்கும் சில பள்ளிகள் 16 வயதில் சிலரை வெளியே அனுப்பித்தான் அங்கே நிற்கின்றன. உங்கள் ஏழு வருடக் கணக்கு ஐந்தாவது வருடத்தில் உடையக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஆவணங்களைத் திறந்து பாருங்கள். முதலாவது ஐஎஸ்ஐ (தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பு) ஆய்வறிக்கை. 2023 செப்டம்பர் முதல் ஒற்றைச் சொல் தரம் தருவதில்லை, தரநிலைகள் நிறைவேறினவா இல்லையா என்றே சொல்கிறார்கள். 'நிறைவேறவில்லை' என்று எங்கேனும் இருந்தால், குறிப்பாகப் பிள்ளைகளின் பாதுகாப்புப் பகுதியில், அதன் பிறகு வந்த அறிக்கையையும் தேடிப் படியுங்கள். இரண்டாவது, அறக்கட்டளையாகப் பதிந்த பள்ளி என்றால் அதன் ஆண்டுக் கணக்கு சாரிட்டி கமிஷன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைசி மூன்று வருட வரவும் செலவும், மாணவர் எண்ணிக்கையும் பாருங்கள். எண்ணிக்கை வருடா வருடம் இறங்கி, செலவு வரவைத் தாண்டினால், மூடுவதோ இணைவதோ நடக்கக்கூடிய பள்ளி அது. வாட் வரி வந்த பிறகு இதைப் பார்க்காமல் டெபாசிட் கட்டக் கூடாது.

8. ஆவணங்களும் தேதிகளும்

கையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் (தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு), பாஸ்போர்ட், இ-விசா ஷேர் கோடு, கடைசி இரண்டு பள்ளி ரிப்போர்ட், புகைப்படம். தற்போதைய பள்ளித் தலைமையாசிரியரின் ரகசிய மதிப்புரையைப் புதுப் பள்ளியே கேட்டு வாங்கும். நீங்கள் எந்தப் பள்ளிகளுக்குப் போடுகிறீர்கள் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊர்ப் பள்ளி ரிப்போர்ட்டில் மதிப்பெண் மட்டும் இருந்தால், பிள்ளையைப் பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிப் பள்ளி முத்திரையோடு வாங்கிவையுங்கள். டிஸ்லெக்ஸியா போன்ற காரணத்துக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்றால் நிபுணர் அறிக்கை பதிவின்போதே போக வேண்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

பெற்றோரின் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் சார்ந்து வந்த பிள்ளைக்குத் தனி மாணவர் விசா தேவையில்லை. 'பொது நிதி கிடையாது' என்ற நிபந்தனை அரசுப் பள்ளிக்கும் பொருந்தாது, தனியார் பள்ளி பர்சரிக்கும் (வருமானத்தைப் பார்த்துத் தரும் கட்டண உதவி) பொருந்தாது.

தேதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆனால் வரிசை இதுதான். இயர் 5 கோடையில் பதிவு திறக்கும். இயர் 6 அக்டோபர், நவம்பரில் மூடும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பரீட்சை, ஜனவரியில் இன்டர்வியூ, பிப்ரவரி நடுவில் ஆஃபர், மார்ச் முதல் வாரத்தில் ஏற்கும் கடைசி நாள். இரண்டு பள்ளிகளின் தேதி மோதினால் மாற்று நாள் கேட்கலாம். மோதுவது தெரிந்த அன்றே மின்னஞ்சல் போடுங்கள்.

அக்டோபர் 31: உங்கள் கவுன்சிலின் அரசுப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். தனியார் பள்ளிக்குத்தான் போகப்போகிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள். எதுவும் கிடைக்காமல் போனால், எல்லோருக்கும் ஒதுக்கி மிஞ்சிய அரசுப் பள்ளிதான் வரும்.

9. பர்சரி

ஸ்காலர்ஷிப்பும் பர்சரியும் வேறு. ஸ்காலர்ஷிப் படிப்பு, இசை, விளையாட்டுத் திறமைக்கு. பெரும்பாலும் பெருமைதான் அதிகம், தள்ளுபடி சிறிது. பர்சரி வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது, 100 விழுக்காடு வரை போகும். ஹார்ஷமில் உள்ள கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் இதற்கென்றே பெயர் பெற்ற விடுதிப் பள்ளி.

ஆஃபர் வந்த பிறகு பர்சரி கேட்டால் காலம் கடந்துவிடும். பதிவோடு சேர்த்தோ, ஒட்டிய வாரங்களிலோ தனிப் படிவம் போக வேண்டும். பி60 (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று), மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கைகள், சொந்தத் தொழில் என்றால் வரிக் கணக்கு, மார்ட்கேஜ் விவரம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீடு, நிலம், வைப்புத்தொகையையும் எழுத வேண்டும். மதிப்பிடுபவர் வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடும். மறைத்தது தெரிந்தால் உதவி நின்றுவிடும். ஒவ்வொரு வருடமும் மறுபடி மதிப்பிடுவார்கள், சம்பளம் ஏறினால் உதவி இறங்கும்.

10. இன்டர்வியூ

பத்து, பதினைந்து நிமிடம். ஒரு படத்தையோ பொருளையோ கையில் கொடுத்து "இது எதற்கு இருக்கும்?" என்பார்கள், ஒரு கணக்கைக் கொடுத்து யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். மனப்பாடப் பதில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். படித்ததாகச் சொல்லும் புத்தகத்தை உண்மையாகவே படித்திருக்கட்டும்.

11. ஆஃபர் வந்த பிறகு

அரசுப் பள்ளி முடிவு மார்ச் 1 அன்று வரும், அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். தனியார் பள்ளிக்குப் பதில் சொல்லும் கடைசி நாள் பெரும்பாலும் அதற்குச் சில நாள் கழித்து. அந்தச் சில நாட்களில்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து முடிவெடுக்க முடியும். அந்த வாரத்தில் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்பதற்கான டெபாசிட் ஆயிரம் பவுண்டிலிருந்து பல ஆயிரம் வரை, சில பள்ளிகளில் ஒரு டெர்ம் கட்டணம் அளவுக்கு. பிள்ளை படிப்பு முடித்து வெளியேறும்போதுதான் திரும்பும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். முதலாவது, பள்ளியில் சேரும் முன்பே விலகினால் என்ன? டெபாசிட் போகும், குறிப்பிட்ட தேதி தாண்டிவிட்டால் ஒரு முழு டெர்ம் கட்டணமும் கேட்பார்கள். கிராமர் ஸ்கூல் காத்திருப்புப் பட்டியலில் ஜூனில் இடம் வந்து மகிழ்ந்தவர்களுக்கு 9,000 பவுண்ட் பில் வருவது இதனால்தான். இரண்டாவது, படிக்கும்போது விலக ஒரு டெர்ம் முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும். வேலை போனாலும், விசா முடிந்தாலும் இது பொருந்தும். மூன்றாவது, இருவரும் கையெழுத்திட்டால் ஒவ்வொருவரும் மொத்தத் தொகைக்கும் பொறுப்பு, பாதிக்கு அல்ல.

முடிவெடுத்ததும் மற்றப் பள்ளிகளுக்கு அன்றே மறுப்பு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்காக வேறொரு பிள்ளை காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. நீங்களே அப்படிக் காத்திருந்தால், "இடம் தந்தால் உடனே ஏற்போம்" என்று ரெஜிஸ்ட்ராருக்கு ஒரே வரி எழுதி, கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை அழைத்துக் கேளுங்கள். பட்டியல் நகர்வது அந்த ஓரிரு நாளில்தான்.